வளைகோல் வித்தகர் தயான்சந்த்

நுழையும்முன்
திறமையால் உயர்வோர் பலர். தாம் பெற்ற திறமையைப் பிறர்க்கு வழங்கி உயர்வோர் சிலர். தனித்திறன் மிக்க ஒருவர் தம் அணிக்காக அத்திறனை அடக்கி ஆள்வது அதனினும் அரிது. உலகமே வியந்த ஆட்டக்காரராகவும், பின்னர் இளைஞர்களை உருவாக்கும் பயிற்சியாளராகவும் வாழ்ந்த மேஜர் தயான்சந்தின் வாழ்க்கையை அறிந்துகொள்வோம்.

தறியும் ஆடுகளமும்

காஞ்சிபுரத்துத் தறிக்கூடங்களில் கோர்வைப் பட்டு நெய்யப்படுவதைக் கண்டவர்கள் ஓர் அரிய காட்சியைக் கண்டிருப்பார்கள். சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டையும் இழை பிரியாமல் இணைத்து நெய்வதற்கு ஒருவர் போதாது. தறியில் அமர்ந்த நெசவாளர் ஒரு பக்கத்திலிருந்து நாடாவை எறிய, அருகில் அமர்ந்த துணையாள் மறுகரையின் நாடாவை உரிய நொடியில் எறிந்து இணைப்பார். ஒருவர் கை முந்தினாலும் பிந்தினாலும் கோர்வை பிசகிவிடும். நெய்து முடித்த சேலையில் எந்த இழை எவர் எறிந்தது என்று யாராலும் சொல்ல இயலாது.

வளைகோல் பந்தாட்டமாகிய ஹாக்கியும் இத்தகையதே. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் கோல் அடித்தவர் பெயரே நாளிதழில் இடம்பெறும். அப்பந்தை உரிய நொடியில், உரிய இடத்திற்கு அனுப்பியவரைப் பலர் நினைப்பதில்லை. கோல்களைக் குவித்துப் பெரும்புகழ் பெற்றவராக இருந்தும், பந்தைப் பிறர்க்கு வழங்குவதிலேயே ஆட்டத்தின் உயிர் உள்ளது என்று உணர்ந்திருந்தவர் தயான்சந்த். அவர் வாழ்வின் முற்பகுதி அவ்வாறு பந்தை வழங்குவதில் கழிந்தது. பிற்பகுதி தம் கலையையே வழங்குவதில் கழிந்தது.

படைமுகாமில் பயின்ற கலை

தயான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தயான் சிங். தந்தை ஆங்கிலேய இந்தியப் படையில் பணியாற்றியவர். அவரும் ஹாக்கி ஆடியவர். படைவீரர் குடும்பங்களுக்கு நிலையான ஊர் என்பது இல்லை. தந்தையின் பணி மாற்றங்களோடு குடும்பமும் ஊர் ஊராகப் பெயர்ந்தது. அதனால் தயான்சந்தின் பள்ளிக்கல்வி ஆறாண்டுகளோடு நின்றுபோயிற்று. இறுதியில் அக்குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. அந்நகரமே பிற்காலத்தில் அவர் பெயரோடு இணைந்து நின்றது.

பெரும் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் தொட்டிலிலேயே மட்டையைப் பிடித்தவர்கள் என்று கூறுவது வழக்கம். தயான்சந்தின் வாழ்க்கை அதற்கு மாறானது. சிறுவயதில் அவர் உள்ளம் மற்போரிலேயே ஈடுபட்டிருந்தது. படையில் சேர்வதற்கு முன் சொல்லத்தக்க அளவில் அவர் ஹாக்கி ஆடியதில்லை. 1922ஆம் ஆண்டு, 17ஆம் வயதில், பிராமணர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த பின்னரே வளைகோல் அவர் கைக்கு வந்தது.

அப்படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்த பாலே திவாரி என்பவர் ஹாக்கியில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். இளஞ்சிப்பாயின் கைகளில் இயல்பான ஒரு நயம் இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் அவரே. ஆட்டத்தின் அடிப்படைகளை அவரே தயான்சந்துக்குக் கற்பித்தார். பின்னாளில் உலகம் கொண்டாடிய கலைஞரை ஒரு படைமுகாமின் புழுதித் திடலில் கண்டெடுத்த அந்த முதல் ஆசிரியரைத் தயான்சந்த் ஒருநாளும் மறக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் உரிய காலத்தில் வாய்த்தால் எளிய மாணவர் எவ்வளவு உயர இயலும் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்திருந்ததால்தான், பிற்காலத்தில் பயிற்சியாளர் பணியை அவர் விருப்பத்தோடு ஏற்றார் எனலாம்.

பகலெல்லாம் படைப்பணி. பணி முடிந்த பின்னரே ஆட்டப் பயிற்சி. மின்விளக்குகள் இல்லாத திடலில் நிலவொளியை எதிர்பார்த்து அவர் பயிற்சி செய்வாராம். அதனால் நண்பர்கள் அவரைச் சந்திரன் என்னும் பொருள்பட ‘சந்த்’ என்று அழைக்கத் தொடங்கினர். தயான் சிங், தயான்சந்த் ஆனார் என்பர்.

ஜீலம் நகரில் நடைபெற்ற காலாட்படைப் போட்டி ஒன்றில் அவர் அணி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய நான்கு நிமிடங்களே எஞ்சியிருந்தன. அந்த நான்கு நிமிடங்களில் மூன்று கோல்களை அடித்துத் தம் அணியை வெற்றிபெறச் செய்தார் தயான்சந்த். அவரை மாயவித்தைக்காரர் என்று மக்கள் அழைக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

கடல்கடந்த வெற்றி

1926ஆம் ஆண்டு இந்தியப் படையின் ஹாக்கி அணி நியூசிலாந்து நாட்டுக்குச் சென்றது. அவ்வணியில் தயான்சந்தும் இடம்பெற்றார். அங்கு ஆடிய 21 ஆட்டங்களில் 18-இல் வெற்றி, இரண்டில் சமநிலை, ஒன்றில் மட்டும் தோல்வி. அப்பயணத்திலிருந்து திரும்பியதும் சிப்பாயாக இருந்த அவருக்கு ‘லான்ஸ் நாயக்’ என்னும் பதவி உயர்வு கிடைத்தது. ஆட்டத்திற்கு ஊதியம் என்பதே இல்லாத காலம் அது. படைவீரருக்குக் கிடைக்கும் சிறு ஊதியமே அவர் வாழ்க்கைக்கு ஆதாரம்.

இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு 1925ஆம் ஆண்டில் உருவாகியிருந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக்கு முதன்முறையாக இந்திய அணி அனுப்பப்பட்டது. ஜெய்பால் சிங் அணித்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பம்பாய்த் துறைமுகத்தில் அவ்வணியை வழியனுப்ப வந்தவர்கள் மூவர் மட்டுமே.

அடிமைப்பட்ட நாட்டின் அணி ஒன்று அயல்மண்ணில் என்ன செய்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு விடை ஆடுகளத்தில் கிடைத்தது. ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு அணிகளையும் வென்ற இந்தியா, மே 26ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஆலந்து அணியை அதன் சொந்த மண்ணில் எதிர்கொண்டது. இந்திய வீரர்கள் சிலர் நோயுற்றிருந்தனர். தயான்சந்தும் உடல்நலம் குன்றியிருந்தார். எனினும் அவர் களமிறங்கினார். இந்தியா 3-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த கோல்கள் 29. வாங்கிய கோல் ஒன்றுமில்லை. அந்த 29-இல் 14 கோல்கள் தயான்சந்த் அடித்தவை.

அணி திரும்பியபோது அதே பம்பாய்த் துறைமுகத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்தனர். வழியனுப்ப மூவர், வரவேற்க ஆயிரவர். புகழ் எவ்வாறு வருகிறது என்பதைத் தம் 22ஆம் வயதிலேயே தயான்சந்த் கண்டார். அது எவ்வாறு விலகும் என்பதை அவர் பிற்காலத்தில் காண வேண்டியிருந்தது.

உடன்பிறந்த இணை

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் தயான்சந்தோடு அவர் தம்பி ரூப்சிங்கும் இந்திய அணியில் இடம்பெற்றார். அணித்தலைவர் லால் ஷா புகாரி. உலகமெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. பொருள் தட்டுப்பாட்டோடு புறப்பட்ட அணி வழியில் கொழும்பு நகரில் இறங்கி, இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடி வென்று, பின்னர் அமெரிக்கா நோக்கிக் கப்பலேறியது.

நெடுந்தொலைவுப் பயணத்திற்குப் பல நாடுகள் அஞ்சியதால் அவ்வாண்டு ஹாக்கியில் கலந்துகொண்டவை இந்தியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளே. இந்தியா ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. எதிரணிகள் அனுபவம் குறைந்தவை என்பது உண்மையே. ஆயினும், அந்த 35 கோல்களில் 25 கோல்களை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அடித்தனர் என்பதும், அவற்றுள் தம்பி அடித்தவை 13, அண்ணன் அடித்தவை 12 என்பதும் கருதத்தக்கன. முன்னவர் பந்தை எங்கு அனுப்புவார் என்பது பின்னவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கோர்வை நெசவில் இருவர் கைகள் ஒன்றையொன்று நோக்காமலே இணைந்து இயங்குவது போன்றது அவ்விணையின் ஆட்டம்.

சிறந்த ஆட்டம் எது?

தயான்சந்த் ஆடிய ஆட்டங்களுள் சிறந்தது எது என்று கேட்டால், நாம் ஒலிம்பிக் இறுதியாட்டங்களுள் ஒன்றையே சுட்டுவோம். அவர் சுட்டியதோ வேறு. 1933ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற பெய்ட்டன் கோப்பை இறுதியாட்டமே தம் வாழ்வின் சிறந்த ஆட்டம் என்று அவர் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்.

அதில் அவர் சொந்த ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ், வலிமை வாய்ந்த கல்கத்தா கஸ்டம்ஸ் அணியை எதிர்த்து ஆடியது. அத்தகைய அணியின் முன் ஜான்சி வீரர்கள் அனுபவம் குறைந்தவர்கள். கஸ்டம்ஸ் அணி இடைவிடாது தாக்கியது. ஆட்டத்தின் போக்கை மாற்றியது ஒரே ஒரு பந்துதான். நடுக்களத்திலிருந்து தயான்சந்த் எதிரணியைப் பிளந்து அனுப்பிய பந்தை, இஸ்மாயில் என்னும் வீரர் விரைந்தோடிப் பெற்றுக் கோலாக்கினார். ஆட்டம் 1-0 என முடிந்தது. ஜான்சி அணி கோப்பையை வென்றது.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எண்ணற்ற கோல்களை அடித்த ஒருவர், தாம் கோல் அடிக்காத ஓர் ஆட்டத்தையே தம் சிறந்த ஆட்டமாக நினைவில் வைத்திருந்தார். கோல் அடித்தவரை ஊர் கொண்டாடட்டும், கோலுக்கு வழி அமைத்தோம் என்ற நிறைவு தமக்குப் போதும் என்னும் மனநிலை அது. ஆட்டக்காரருக்கு இம்மனநிலை அழகு சேர்க்கும். பயிற்சியாளருக்கோ இது இல்லாமல் முடியாது.

பெர்லின் களம்

1935ஆம் ஆண்டு தயான்சந்தின் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலிய நாடுகளில் ஆடியது. அந்த நெடும்பயணத்தில் 43 ஆட்டங்களில் களமிறங்கிய அவர் 201 கோல்களை அடித்தார். அடிலெய்டு நகரில் அவரைச் சந்தித்த கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன், கிரிக்கெட்டில் ஓட்டங்களைக் குவிப்பது போல் இவர் கோல்களைக் குவிக்கிறாரே என்று வியந்தார் என்பர்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய அணிக்கும் அவரே தலைவரானார். சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர், நாட்டின் அணிக்குத் தலைமை ஏற்றது அந்நாளில் எளிய செய்தியன்று. ஆனால் தொடக்கம் நன்றாக அமையவில்லை. மார்சேல் துறைமுகத்திலிருந்து மூன்றாம் வகுப்புத் தொடர்வண்டியில் களைப்போடு பெர்லின் சென்றடைந்த அணி, ஜூலை 17ஆம் நாள் செருமனியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 1-4 எனத் தோற்றது. அத்தோல்வி தயான்சந்தின் உறக்கத்தைக் கெடுத்தது. அணியின் முன்களத்தில் உள்ள குறையை உணர்ந்த அவரும் துணை மேலாளர் பங்கஜ் குப்தாவும், தாயகத்திலிருந்து அலி தாரா என்னும் வீரரை உடனே அனுப்புமாறு வேண்டினர். அவர் வந்து சேர்ந்தபின் அரையிறுதியில் பிரான்சு அணியை இந்தியா 10-0 என வென்றது.

இறுதியாட்டத்தில் எதிர்நின்றது அதே செருமனி. ஆகஸ்டு 14ஆம் நாள் நடைபெற வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. களமிறங்குவதற்கு முன், உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து வைத்தார். வீரர்கள் அதனை வணங்கிவிட்டுக் களம் புகுந்தனர். அயலார் கொடியின்கீழ் அணிவகுத்த அவ்வீரர்களின் உள்ளத்தில் எந்தக் கொடி பறந்தது என்பதற்கு அந்நிகழ்வே சான்று.

ஈரமான தரையில் கால்கள் வழுக்கின. முற்பாதியில் இந்தியாவால் ஒரு கோலே அடிக்க முடிந்தது. பிற்பாதியில் தயான்சந்த் தம் காலணிகளைக் களைந்துவிட்டு வெறுங்காலோடு ஆடினார். ஜான்சியின் திடல்களில் பழகிய கால்களுக்கு ஈர மண்ணின் இயல்பு தெரிந்திருந்தது. கோல்கள் தொடர்ந்து விழுந்தன. செருமானிய இலக்குக் காவலரோடு மோதியதில் தயான்சந்தின் பல் ஒன்று உடைந்தது. மருத்துவம் செய்துகொண்டு மீண்டும் களத்திற்கு வந்தார். இந்தியா 8-1 என வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுவே. அன்று 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. சரியாகப் பதினொரு ஆண்டுகள் கழித்து அதே நாளில் இந்தியா விடுதலை பெற்றது.

கதைகளும் உண்மையும்

பெரும்புகழ் பெற்றவரைச் சுற்றிக் கதைகள் படர்வது இயல்பு. தயான்சந்தின் வளைகோலில் காந்தம் இருக்கிறதா என்று அதனை உடைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை. செருமனியின் சர்வாதிகாரி இட்லர் தம் படையில் உயர்பதவி தருவதாக அழைக்க, அவர் மறுத்துவிட்டார் என்று மற்றொரு கதை. இவற்றுக்கு உறுதியான சான்றுகள் இல்லை. மக்களின் வியப்பு எத்துணைப் பெரிது என்பதை இக்கதைகள் காட்டுகின்றன, அவ்வளவே.

காந்தம் வளைகோலில் இல்லை, கண்ணில் இருந்தது. களத்தில் தம் அணியினர் எங்கு நிற்கின்றனர், அடுத்த நொடியில் எங்கு இருப்பர் என்பதைத் திரும்பிப் பாராமலே அறியும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பந்தைத் தம்மிடம் நெடுநேரம் வைத்திருப்பதை அவர் விரும்பியதில்லை. எதிரணியினர் தம்மைச் சூழும் வரை பொறுத்து, சூழ்ந்தவுடன் தனித்து நிற்கும் தோழருக்குப் பந்தை அனுப்பிவிடுவார். மாயம் என்று மற்றவர் அழைத்தது நாள்தோறும் செய்த பயிற்சியின் பயனே.

விடுதலைக்குப் பின்

இரண்டாம் உலகப் போரால் 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. ஆட்டக்காரர் என்ற வகையில் தயான்சந்தின் முதிர்ந்த ஆண்டுகள் போரோடு கழிந்தன. போர் முடிந்து விடுதலை வந்தது. அதனோடு பிரிவினையும் வந்தது. தோளோடு தோள் நின்று ஆடியவர்கள் இரு நாட்டினராயினர். பெர்லினுக்கு விரைந்து வந்து இந்தியாவுக்குத் துணைநின்ற அலி தாரா, 1948-இல் பாகிஸ்தான் அணியின் தலைவராக ஒலிம்பிக்கில் ஆடினார்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆடுவதற்கு இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தயான்சந்த் வருவதாக இருந்தால் மட்டுமே அழைப்பு என்று அங்கிருந்தோர் நிபந்தனை விதித்தனர். அப்போது அவருக்கு வயது 42. இளைஞர்களோடு இளைஞராகச் சென்ற அவர் 22 ஆட்டங்களில் 61 கோல்களை அடித்தார். அப்பயணத்திற்குப் பின், இளைய தலைமுறைக்கு வழிவிட வேண்டும் என்று கருதி, போட்டி ஆட்டங்களிலிருந்து படிப்படியாக விலகினார். ஆடும் ஆற்றல் எஞ்சியிருக்கும்போதே விலகுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் இருந்தது.

அவருடைய தன்வரலாற்று நூலான ‘கோல்’ 1952-இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ என்னும் விளையாட்டு இதழ் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஜான்சி வீரரின் வாழ்க்கையைப் பதிவு செய்து காத்த பெருமையில் நம் தலைநகருக்கும் ஒரு பங்கு உண்டு.

பயிற்சியாளர் தயான்சந்த்

1956ஆம் ஆண்டு, 51ஆம் வயதில் தயான்சந்த் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான். இராஜஸ்தானத்தில் உள்ள அபு மலையில் நடைபெற்ற பயிற்சி முகாம்களில் இளைஞர்களுக்கு ஹாக்கி கற்பித்தார். பின்னர், 1961ஆம் ஆண்டு பாட்டியாலா நகரில் தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

ஆட்டக்காரர்களுக்கு மட்டுமன்றிப் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பதற்காக உருவாக்கப்பட்டது அந்நிறுவனம். அங்குக் கற்றவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று தாம் கற்றதைக் கற்பித்தனர். ஆகவே தயான்சந்திடம் நேரில் கற்றவர் சிலராயினும், அவர் வழிவந்த கல்வியைப் பெற்றவர் பலர்.

பயிற்சியாளராக மாறும் பெரும் ஆட்டக்காரர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தமக்கு இயல்பாகக் கைவந்ததைப் பிறர்க்குப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல அவர்களால் இயல்வதில்லை. பந்து எங்கு வரும் என்று எப்படி அறிந்தீர் என்று கேட்டால், அறிந்தேன் என்பதைத் தவிர அவர்களிடம் விடை இராது. ஆனால் தயான்சந்த் ஹாக்கியை இளமையில் விளையாட்டாகப் பழகியவர் அல்லர். படைமுகாமில் ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்றவர். கற்றுக்கொண்ட வழி தெரிந்தவருக்கே கற்பிக்கும் வழியும் புலப்படும். தம் மாயத்தைக் கற்பிக்க இயலாவிட்டாலும், அதற்கு அடிப்படையான உழைப்பையும், பந்தை வழங்கும் பண்பையும், ஆடுகள ஒழுக்கத்தையும் கற்பிக்க இயலும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பயிற்சியாளரின் பெயர் வெற்றிப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பதக்கமும் அவர் கழுத்தில் ஏறுவதில்லை. கோடிக்கணக்கானோர் தம் பெயரை முழங்கக் கேட்ட ஒருவர், திடலின் ஓரத்தில் நின்று இளைஞர் ஒருவரின் பிடியைத் திருத்திக் கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெய்ட்டன் கோப்பை இறுதியில் இஸ்மாயிலுக்கு அனுப்பிய பந்தைப் போலவே இதுவும் அடுத்தவர் அடிக்கப்போகும் கோலுக்கு அனுப்பிய பந்துதான்.

தந்தையும் மகனும்

எத்தனையோ இளைஞர்களுக்கு ஹாக்கி கற்பித்த தயான்சந்த், தம் பிள்ளைகள் அவ்வாட்டத்தில் ஈடுபடுவதை விரும்பவில்லை. இம்முரண்பாட்டுக்குக் காரணம் வறுமை. மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் அவருக்குப் புகழைத் தந்தன, பொருளைத் தரவில்லை. பெரிய குடும்பம், சிறிய ஓய்வூதியம். ஹாக்கி வயிற்றுக்குச் சோறிடாது என்பதை அவர் வாழ்ந்து அறிந்திருந்தார். ஆகவே கல்வியிலும் பணியிலும் கருத்துச் செலுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார்.

எனினும் மகன் அசோக்குமார் வளைகோலையே பற்றினார். இந்திய அணியிலும் இடம்பெற்றார். 1975ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்றது. வெற்றியை உறுதிசெய்த கோலை அடித்தவர் அசோக்குமார். தமிழகத்தின் வி.ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் ஆடியவர் என்பது நமக்குப் பெருமை. தந்தையின் காலத்தில் உலகக் கோப்பை என்னும் போட்டியே இல்லை. அவர் பெறாத வெற்றியை மகன் பெற்றுத் தந்தார்.

மறதியும் மதிப்பும்

மறு ஆண்டிலேயே நிலைமை மாறியது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இயற்கைப் புல்தரையில் பந்தைக் கோலோடு ஒட்டி உருட்டிச் செல்லும் கலை இந்தியரின் வலிமை. செயற்கைத் தரையோ விரைவையும் உடல் வலிமையையும் வேண்டி நின்றது. அத்தகைய களங்கள் அந்நாளில் நம் நாட்டில் இல்லை. 1928 முதல் தான் கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற இந்தியா, அவ்வாண்டு ஏழாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. தம் கையால் கட்டிய வீட்டில் விரிசல் விழுவதைக் காணும் முதியவரின் நிலை தயான்சந்தின் நிலை.

இறுதி ஆண்டுகளை அவர் ஜான்சியிலேயே கழித்தார். ஒருமுறை ஹாக்கிப் போட்டி ஒன்றைக் காணச் சென்ற இடத்தில், இன்னார் என்று அறியாமல் அவரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கூறப்படுவதுண்டு. புகழின் வெளிச்சம் விலகியபின் மனிதர் தனித்து நிற்கிறார். நோயுற்ற அவர் புதுதில்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் உடல் ஜான்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஜான்சி ஹீரோஸ் அணியின் திடலில் எரியூட்டப்பட்டது. எந்த மண்ணில் ஆடினாரோ அந்த மண்ணிலேயே அவர் கலந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி இந்தியா எட்டாவது முறையாகத் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன். அவ்வெற்றியைக் காணத் தயான்சந்த் இல்லை.

பின்னர் நாடு அவரை நினைவுகூர்ந்தது. அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அவர் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தில்லியின் தேசிய விளையாட்டரங்கம் 2002-இல் அவர் பெயரைப் பெற்றது. விளையாட்டுத் துறையின் மிக உயரிய விருதான கேல் ரத்னா 2021 முதல் மேஜர் தயான்சந்த் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. இவை அனைத்தும் அவர்க்குரிய மதிப்புகளே. ஆயினும், வாழும் காலத்தில் ஒரு கலைஞரைப் பேணுவதே ஒரு நாடு அவருக்குச் செலுத்தும் முதல் மதிப்பு என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. இன்று விளையாட்டு வீரர்க்கு வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடும் ஊக்கத்தொகையும் கிடைப்பதைக் காணும்போது, அவை இல்லாத காலத்தில் ஆடியோரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நிறைவாக

காஞ்சிபுரத்துத் தறியில் கரைநாடாவை எறியும் துணையாள் பெரும்பாலும் தொழில் கற்பவராகவே இருப்பார். அருகில் அமர்ந்து, மூத்தவர் கையின் தாளத்தைத் தம் கையில் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் அவரே தறியில் அமர்வார். அவர் அருகில் மற்றொருவர் வந்து அமர்வார். கலை இவ்வாறுதான் ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்கிறது. பாலே திவாரியிடமிருந்து தயான்சந்துக்கு வந்த ஹாக்கி, அவரிடமிருந்து அபு மலையிலும் பாட்டியாலாவிலும் பயின்ற இளைஞர்களுக்குச் சென்றது. சென்னை எழும்பூரின் திடலிலும், ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியின் தெருக்களிலும் இன்று வளைகோல் ஏந்தும் சிறுவர் சிறுமியர் அந்த நெடிய வரிசையில் நிற்பவர்களே.

அவர்களுள் ஒருவர் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், தனித்து நிற்கும் தோழரைக் கண்டு அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு நொடியிலும் தயான்சந்த் வாழ்கிறார்.